ஒன்பது மூக்குக்கு ஒரே பவர்

"ஒரே வருஷம்! ஒரே வருஷத்துல இந்த வீட்ல ‘இது எனக்கு மட்டும்’னு ஒரு குண்டூசிகூட இருக்காது. இருந்தா என் பேரை மாத்தி வைங்க!"

இந்த வீரவுரையை நிகழ்த்தியபோது கண்ணாடிக்காரருக்கு வயது நாற்பத்தாறு. நிகழ்ந்த இடம், மூடிப்போன சோப்பு ஆலையின் மாடி. கேட்டவர்கள், அவரோடு அங்கே குடியேறிய பதினொரு பேர். மூன்று தலைமுறையாக மூக்குக்கண்ணாடிக்காகப் பிறர் மூக்கை அளந்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் இப்படி ஆனதற்கு ஒரு நாவல்தான் காரணம். அறுநூறு பக்கம். அதில் வரும் தீவு நகரில் எல்லாமே பொது. சட்டை, செருப்பு, சீப்பு எல்லாம் பொது அலமாரியில் இருக்கும். கைக்கு வந்ததை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தீவில் ஒருவருக்குக்கூடக் கால் பெரிதாக இல்லை என்பதை நம்மவர் கவனிக்கவில்லை. படித்து முடித்த கையோடு ஆலையை வாடகைக்குப் பிடித்து, கீழே தன் கடையும் மேலே புது உலகமுமாகக் குடியேறினார்.

சட்டைகள் பொதுவாயின. செருப்புகளும் ஆயின, பேக்கரிக்காரர் மட்டும் குதிகாலை வெளியே தொங்கவிட்டு நடந்தார், கொள்கைக்காகப் பொறுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது மூக்குக்கண்ணாடி. தன் தொழிலே தனியுடைமையின் கடைசிக் கோட்டையாக நிற்பது கண்ணாடிக்காரருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அவரோ, இயற்கையின் ஓரவஞ்சனையால், கண்ணாடியே போடாதவர்.

வீட்டிலிருந்த ஒன்பது கண்ணாடிகளும் அலமாரி ஏறின. மறுநாள் காலை ஓய்வுபெற்ற தபால்காரர் முந்திக்கொண்டு, கண்ணாடிக்காரர் மனைவியின் மைனஸ் ஆறை மாட்டியபடி மாடிப்படி இறங்கினார். கடைசி நான்கு படிகள் அவருக்கு ஒரே படியாகத் தெரிந்தன.

பொதுக்கூட்டம் கூடியது. ஒருவருக்கு அதிக பவர், இன்னொருவருக்குக் குறைந்த பவர் என்பதே அநீதி என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பது பேரின் பவரையும் கூட்டி ஒன்பதால் வகுத்தார் நம்மவர். வயதானவர்களின் பிளஸும் மற்றவர்களின் மைனஸும் ஒன்றையொன்று தின்று தீர்த்து, மைனஸ் கால் மிஞ்சியது. கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி. அந்த அளவிலேயே ஒன்பது செய்து மாட்டிவிட்டார். பழையவை எல்லோர் முன்னிலையிலும் சுத்தியலால் பொடியாக்கப்பட்டன. கைதட்டல் பலமாக இருந்தது. இருவர் சுவரைப் பார்த்துத் தட்டினார்கள்.

"தோழர், எல்லாமே மங்கலா தெரியுதே?" என்றார் தபால்காரர்.

"பத்து நாள்ல பழகிடும்."

"எழுத்தே தெரியலியே, எதைப் பழகறது?"

"படிக்கணும்னா என்கிட்ட வாங்க. நாவலை நானே படிச்சுக் காட்டறேன்."

தபால்காரர் அதன்பின் புகார் சொல்லவில்லை.

பொதுச் சட்டைகளைத் தைப்பது கண்ணாடிக்காரரின் மனைவி. மூன்றாவது வாரம் தையல் மிஷின் ஊசி விரலில் ஏறியது. நான்காவது வாரம் நகத்தையே துளைத்தது. துணி சுற்றிய விரலோடு கடைக்கு இறங்கி வந்தார்.

"என்னங்க, இது ரெண்டாவது தடவை."

"கொஞ்சம் குனிஞ்சு தைச்சா..."

"இதுக்கு மேல குனிஞ்சா மூக்கையும் சேர்த்துத்தான் தைக்கணும். சனிக்கிழமைக்குள்ள எனக்குக் கண்ணு தெரியணும். இல்லன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். அங்க எல்லாம் தனித்தனிதான், ஆனா விரல் மிஞ்சும்."

"பொதுக்கூட்டத்துல வச்சு ஒரு முடிவு..."

"வைங்க. எல்லாரும் கை தூக்குவாங்க. யார் தூக்கினாங்கன்னு எனக்குத்தான் தெரியாது."

மனைவி விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல என்பது இருபது வருடத் தாம்பத்தியத்தில் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அன்றிரவு நாவலைப் புரட்டினார். அறுநூறு பக்கத்திலும் கண் மங்கியவர் ஒருவர்கூட இல்லை.

சனிக்கிழமை மதியம். மற்றவர்கள் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து, சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றினார்.

"இது தெளிவா, இதுவா?"

"முன்னாடி போட்டது."

இடது கண்ணுக்கு ஆறு, வலதுக்கு ஆறேகால். ஒரே மூக்கின் இரு பக்கத்திலும் சமத்துவம் இல்லை. லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, மனைவியின் மூக்கில் வைத்தார்.

வாசலில் தபால்காரர் வந்து நின்றார். "யாருக்கு தோழர் புதுசு?"

கண்ணாடிக்காரர் நிமிரவில்லை. "இவளுக்கு," என்றார். சோதனை லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கியபடி, "இவளுக்கு மட்டும்."

"இடது காதுகிட்ட லேசா உறுத்துது," என்றார் மனைவி.

கழற்றி, காம்பைச் சூடுகாட்டி, அந்தக் காதுக்கு ஏற்றபடி வளைத்தார்.