பிரஷர் மாத்திரையும் சில மனிதர்களும்

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: தலைவலிக்காரர் கடை திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார், பிரஷர் மாத்திரை வாங்க வேண்டியவர் நம்மைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகப் போவார். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தேன். டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுத் தொலைப்பேன். அதனால் வந்த கதைகள் இவை. படிக்கிற உங்களில் பாதிப் பேர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களாக இருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நார்மல்

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவர், ஒருநாள் பற்பசை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"மாத்திரை சார்?"

"நேத்துதான் செக் பண்ணாங்க. பிரஷர் நார்மல். இனிமே எதுக்கும்மா?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"நார்மல்னுட்டாரே, அப்புறம் என்ன?"

மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது, நிறுத்துவதானால் அவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றேன். என்னை வியாபாரத்தில் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பார் போல. சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சில வாரம் கழித்து அவர் மனைவி தனியாக வந்தார், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. ஷேவ் செய்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று வாய் கோணி, இடது கை விழுந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் தாமதிக்காமல் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதால் பிழைத்தார். "பேச்சு வந்துடும்னு சொல்றாங்க" என்றார் அந்த அம்மா. பேச்சு வந்தது. அடுத்த பொங்கலுக்குள் அவரே தடியை ஊன்றிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். மாத்திரை அட்டையை வலது கையால் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"நார்மலா இருந்தது நான் இல்லம்மா, மாத்திரைதான்."

பாட்டுக்காரரின் இருமல்

தேவராஜ் வாரம் முழுக்க கல்பாக்கத்தில் பெயின்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழுத் தலைவர். கிறிஸ்மஸ் நெருங்கும்போது அவருக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. பெயின்ட் நெடி என்றார். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது, இருமல்தான் வெளியே போகவில்லை. ஒத்திகையில் அவர் கையைத் தூக்கினால் பாட்டு வருமா, இருமல் வருமா என்று பிள்ளைகள் காத்திருக்குமாம்.

வேறு ஏதாவது மாத்திரை புதிதாக ஆரம்பித்தீர்களா என்று கேட்டேன். பிரஷருக்கு ஒன்று, கொஞ்ச நாளாக. பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. அந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமல் கொடுக்கும். "அப்ப இன்னிக்கே நிறுத்திடுறேன்" என்று கிளம்பியவரைப் பிடித்து நிறுத்தி, நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் இருமலைச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். கிறிஸ்மஸ் பாட்டு நல்லபடி நடந்தது. புது வருஷத்தில் அவர் மனைவி வந்தார்:

"இருமல் நின்னுச்சு யக்கா. இப்ப கொறட்டைதான் நல்லா கேக்குது, அதுக்கு இன்னா மாத்திர கீது?"

டூட்டி நாள்

தணிகாசலம் அண்ணன் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ் டிரைவர். காலையில் பஸ் எடுக்கப் போகும் வழியில் தலைவலி மாத்திரை கேட்பார். பிரஷர் மாத்திரை தீர வேண்டிய நாளில் மட்டும் வர மாட்டார்.

"இன்னாண்ணா, மாத்திரை மிச்சமாவுதா?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத்த போட்டா ஒண்ணுக்கு முட்டிகினு வருதும்மா. டூட்டி அன்னிக்குப் போட மாட்டேன்."

டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்கள் என்றேன். "பேஜார் பண்ணாத தாயி" என்று போய்விட்டார்.

ஒருநாள் புதுப்பட்டினம் தாண்டும்போது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நல்ல மனுஷன், அந்த நிலையிலும் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். உள்ளே இருந்தவர்கள்தான் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பஸ் நிறைய ஆட்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. அங்கே வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்ல, மாத்திரையும் மாறியது, தலைவலியும் போனது. முதலிலேயே டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே அண்ணா என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? அந்த டாக்டரம்மாவுக்கு என் பொண்ணு வயசு."

பாதி பாதி

வேதாசலம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். முன்பு புருஷன், பெண்டாட்டி இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிரஷர் மாத்திரை அவருக்குத்தான் எழுதியிருந்தது. மனைவி கன்னியம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். தலைசுற்றினால் பிரஷர்தான் என்று அவரே முடிவு கட்டி, மாத்திரையை உடைத்துத் தினமும் பாதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். தலைசுற்றல் அதிகமானது. அதற்கும் பிரஷர்தான் காரணம் என்று தொடர்ந்து கொடுத்தார்.

ஒருநாள் புருஷனோடு பஸ்ஸை விட்டு இறங்கிய கன்னியம்மா எங்கள் கடைக்கு எதிரிலேயே மயங்கி விழுந்தார். தூக்கி வந்து நிழலில் படுக்கவைத்து, காலுக்கடியில் அட்டைப்பெட்டியை வைத்து உயர்த்தினோம். முகம் வெளுத்துக் கிடந்தது. ஆட்டோ வருவதற்குள் வேதாசலம் என்னிடம் பாதி மாத்திரைக் கதையைச் சொன்னார். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லியிருக்கிறார். கன்னியம்மாவுக்கு இருந்தது ரத்தசோகை; பிரஷர் ஏற்கெனவே குறைவு, இந்தப் பாதி மாத்திரை அதை இன்னும் இறக்கியிருக்கிறது. மீதிப் பாதியோடு ஓட்டிய வேதாசலத்துக்கோ பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

இரண்டு பேரும் தேறிய பிறகு சேர்ந்தே வந்தார்கள். அவருக்கு முழு மாத்திரை, அந்த அம்மாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை. தனித்தனிக் கவரில் போட்டு, மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தேன். கன்னியம்மா தலையைக் குனிந்து சிரித்தார். வேதாசலம் சிரிக்கவில்லை.

"கண்ணாலம் ஆன நாளா ஒரு டீ வாங்குனாகூட பாதி பாதிதாம்மா. இதுல மட்டும் கூடாதுன்னு யாரு கண்டா?"

இப்போது எனக்கும் பிரஷர், காலையில் காபியை வாயில் வைப்பதற்குள் "மாத்திரை போட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போது வருகிற எரிச்சலைப் பார்த்தால், அத்தனை வருஷம் அத்தனை பேரும் என்னை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்று தோன்றுகிறது.