விடாதை

பிரமிட்டுகளை வேற்றுக்கிரகவாசிகள்தான் கட்டினார்கள் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்நாளில் ஒரு படிக்கல்லைக்கூட நகர்த்திப் பார்த்திராதவர்கள். நான் பத்து வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் வீட்டு முற்றங்களுக்கும் வளவுகளுக்கும் கல் பதிக்கிறேன். ஆளும் கயிறும் பலகையும் இருந்தால் எந்தக் கல்லும் நகரும். நகரத் தொடங்கியதை நிறுத்துவதுதான் வில்லங்கம்.

என்னோடு வேலை செய்த அண்ணைக்குப் பிரமிட் என்றால் பைத்தியம். கூடப் பிறந்தவரில்லை, என்னைவிட இரண்டு வயது மூப்பு என்பதால் அண்ணை. மதியம் வேலை வான் வண்டிக்குள் இருந்து சாப்பிடும்போது சோற்றை மறந்து ஃபோனில் வீடியோ பார்ப்பார். நேராக மண் சாய்வு போட்டுக் கல்லை ஏற்றியிருந்தால் அந்தச் சாய்வுக்கே மலையளவு மண் வேண்டும், சுற்றிச் சுற்றி ஏற்றியிருந்தால் மூலைகளில் எப்படித் திருப்பினார்கள் என்று என்னைப் போட்டு அறுப்பார். "எனக்கென்ன தெரியும், நான் அப்ப லீவு" என்பேன்.

ஒரு கல்லறைச் சுவர் ஓவியத்தை அடிக்கடி காட்டுவார். பெரிய சிலையொன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி ஆட்கள் வரிசையாக இழுக்கிறார்கள். முன்னால் ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறான். ஈரமணலில் பலகை இலேசாக வழுக்கும். பிரமிட் கற்களையும் அப்படித்தான் இழுத்திருப்பார்கள் என்பது அண்ணையின் கட்சி.

இரண்டு கோடைக்கு முன் பிக்கரிங்கில் ஒரு வீட்டின் பின்வளவுக்குக் கருங்கல் படி இறக்க வேண்டியிருந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சரிவான இடைவெளியில் கல் தூக்கும் மெஷின் போகாது.

"எகிப்துக்காரன் மாதிரிச் செய்வம்" என்றார் அண்ணை.

மணலைப் பரப்பி நனைத்து, கல்லைப் பலகையில் ஏற்றினோம். மேலே நின்ற மெஷினில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். அவர் கல்லை நெம்பும் அலவாங்கோடு கல்லின் பக்கத்தில் இறங்கினார். அவர் "விடு" என்றால் நான் ஒரு சாண் கயிறு விடுவேன். "விடாதை" என்றால் இறுக்கிப் பிடிப்பேன். "பிடி" என்று வைத்திருக்கலாம். அந்தப் புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. வேண்டாம் என்பதை எப்போதும் சொல்லின் வாலில்தான் வைத்துப் பேசிப் பழகியிருக்கிறோம்.

பாதி வழியில் பலகை கோணிவிட்டது. அதை நேராக்க அண்ணை கல்லுக்கு முன்னால் போய்க் குனிந்துகொண்டு கத்தினார். பக்கத்து வளவில் புல்வெட்டும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்லின் தலைதான் கேட்டது. விட்டேன்.

கல் அவருடைய வலது காலில் ஏறி நின்றது. "விடாதை எண்டெல்லோ சொன்னனான்" என்று ஒருதரம் கத்தினார். பிறகு மயங்கிப்போனார். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், அவர் "விடு" என்றார், நான் விட்டேன் என்று சொன்னேன். அவர் இரண்டாவது முறை கத்தியதைச் சொல்லவில்லை. வேலை போய்விடும், வழக்கு வரும் என்ற பயம். கோழைத்தனம், வேறு பெயர் இல்லை. அண்ணையிடம் கேட்டபோது ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாராம். அறிக்கையில் பிழை அவருடைய தலையில் விழுந்தது.

உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லையா என்பதை அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அஜக்ஸில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்து, நாட்டு நடப்புக் கதைத்து, அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்தேன். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு அவருடைய வீட்டு ரீவியில் பிரமிட் நிகழ்ச்சி ஓடியது. அதே சுவர் ஓவியம் வந்ததும் அண்ணை நிறுத்திவைத்தார். சிலையின் மடியில் நின்ற ஒருவனைக் காட்டினார்.

"உவனைப் பார். கை தட்டுறான். தட்டினா இழுக்கோணும், தட்டாட்டி நிக்கோணும். பிழையாக் கேக்க வழியே இல்லை."

அவர் வேண்டுமென்று சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியாது. இனி அடக்க முடியவில்லை.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் விடு எண்டு சொல்லேல்லை. விடாதை எண்டுதான் சொன்னனீங்கள். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அந்த அதிகாரிக்கு மாத்திச் சொன்னனான்."

"ஓம்" என்றார். ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ?"

"எல்லாம் இருந்தது."

"அப்ப ஏன் அண்ணை ஒண்டும் சொல்லேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தனான். ஒவ்வொரு ஞாயிறும் பெல் அடிக்கேக்கை, இண்டைக்குச் சொல்லத்தான் வாறான் எண்டு நினைச்சு, இந்தக் காலோடை நானே எழும்பி வந்து கதவு திறந்தனான்."