பேய் பங்களாவில் என் வரவேற்பு

வெள்ளானூருக்கு அப்பால் அந்த அரண்மனையைப் பார்த்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், என் கல்யாண வரவேற்பு இங்கேதான். யாரோ ஒரு ஜமீன்தார் கோட்டை மாதிரி கட்டிய வீடு. இரண்டு பக்கமும் வட்டக் கோபுரம், நடுவில் யானை நுழையும் வாசல். வருடக்கணக்கில் பாழாய்க் கிடந்ததைப் புதுப்பித்து, மேலே தங்கும் அறைகளும் கீழே கல்யாணக் கூடமுமாக மாற்றியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, ஆவடி ஃபிளாட்டில் பால்கனிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே குனிந்து நடக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? யாரையும் கேட்காமல் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்தான்.

கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் தலைமுறையாக வெள்ளானூரில் விவசாயம் பார்த்தவர்கள். செய்தியைச் சொன்னதும் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்தப் பேய் பங்களாவா? பகல்லன்னா வரேன் கண்ணு. வெளக்கு வெச்சதுக்கு அப்பறம் அங்க கால் வெக்கமாட்டேன்.”

“இப்ப ஏசி எல்லாம் போட்டுட்டாங்க அத்தை.”

“ஏசி போட்டா அது போயிடுமா? ஜில்லுனு தூங்கிக்கினு கீதோ இன்னாவோ.”

வரவேற்போ மாலை ஏழு மணிக்கு. எனக்கு அம்மா இல்லை. மேடையில் என் பக்கத்தில் அத்தை நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொல்ல வீம்பு விடவில்லை.

அன்று காலை கோயிலில் தாலி கட்டி முடிந்தது. பிற்பகலில் அரண்மனையின் மாடி அறையில் எனக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தார்கள். கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். வேன், ஷேர் ஆட்டோ, டிராக்டர் என்று ஊரே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பட்டுப்புடவையில் அத்தை. விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிட்டுப் போக, நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். சமையல்காரர் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒற்றைக் கண் மையோடு படியிறங்கி ஓடினேன். அத்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, மைடப்பாவை வரவழைத்து, இன்னொரு கண்ணைத் தன் விரலால் முடித்தார். பிள்ளைகள் கோபுரத்தில் ஏறினார்கள். பெரியவர்கள் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மேடை களைகட்டியது. பஜ்ஜியும் காபியும் மட்டும் வந்தன, யாரும் குறை சொல்லவில்லை.

வெளிச்சம் குறைந்தது. சரவிளக்குகள் எரிந்ததும் கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்தது. நான் வாசல்வரை போனேன். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“நாங்க போயிட்டா நீ?”

“நிப்பேன். ஆபீஸ் ஆளுங்க இனிமேதான் வரணும்.”

“தனியாவா?”

“உங்க மகன் இருக்காருல்லா.”

“அவனா? அவன் என்னாட்டம் பயந்தாங்கொள்ளி.”

வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். 

கல்யாண ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். ராத்திரிப் படங்கள் எல்லாவற்றிலும் அத்தையின் பார்வை கூரையில் இருக்கிறது. கை மட்டும் ஒரு படத்தில்கூட என் கையை விடவில்லை.