முந்திரிப் பருப்பு மாலையும் என் கறுப்புக் கையும்

முந்திரிப் பழம் பழுத்து மண்ணில் விழுந்து கிடந்தால் அதற்கென்று ஒரு வாசனை உண்டு. இனிப்பும் புளிப்புமாக, கள் குடித்தவர் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி லேசாக மூக்கில் ஏறும். பங்குனி வெயிலில் காடாம்புலியூர்த் தோப்புகளுக்குள் நடந்து வந்தால் தலைமுடியில்கூட ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். என் சின்ன வயதை நினைத்தால் முதலில் யார் முகமும் வருவதில்லை, அந்த வாசனைதான் வருகிறது, அதன் பின்னாலேயே கொட்டை வறுக்கும் புகை வருகிறது, கண் எரிகிறது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொட்டை உடைப்பதுதான் வேலை. வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். அதை வறுத்து, கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் முழுசாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது, அது பட்ட இடம் சுடும், தோல் உரியும், பிறகு கறுத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம், இருந்தாலும் கறுக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "கையக் கழுவிட்டு வா" என்று அனுப்புவார், நானும் போய்க் கழுவிவிட்டு அதே கையோடு திரும்பி வருவேன், அவர் மறுபடியும் அனுப்புவார். கொஞ்ச நாளில் நான் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டேன். எழுத்துக் கூட்டப் பழகியதெல்லாம் என் மகள் செல்வி படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகியதுதான்.

அந்த வயதில் பக்கத்து வீட்டுக் கமலாவும் நானும் கல்யாணம் வைத்து விளையாடுவோம். முருங்கைக் குச்சிக்குக் கிழிசல் துணியைச் சுற்றினால் பெண்ணும் மாப்பிள்ளையும் தயார். ஒருமுறை மாலைக்குப் பூ கிடைக்காமல் முந்திரிப் பழத்தையே வாழை நாரில் கோத்துப் போட்டோம். மஞ்சளும் சிவப்புமாக அவ்வளவு அழகாக இருந்தது, ஆனால் சாறு ஒழுகிப் பாவாடை முழுக்கக் கறை. எங்கள் அம்மா அடிக்கத்தான் வந்தாள், மாலையைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டாள். "பழத்துல கோத்தா கறைதாண்டி, பருப்புல கோத்தாதான் மால. பருப்புல கோக்க நாம என்னா ஜமீனா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குப் பருப்பு மாலை மேல் ஓர் ஆசை. ஆனால் நாங்கள் உடைத்த பருப்பில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. என் கல்யாணத்துக்குச் சம்பங்கி மாலைதான்.

பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்றே ஒரு முந்திரி மரம் வந்தது. என் வீட்டுக்காரர் வைத்து வளர்த்தது. அந்த மரத்தின் கீழ் உட்கார்ந்து செல்விக்கு இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மாலை கொஞ்சம் நீளமாகிவிடும் என்று அவள் கேலி செய்வாள்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் கழித்து அவளுக்கு இடம் அமைந்தது. அவள் அப்போது கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மாப்பிள்ளை குமார், சிதம்பரத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். பூ வைக்க வந்தார்கள். சம்பந்தி அம்மா நல்ல நிறம், மூக்கில் இரண்டு பக்கமும் கல் பதித்த மூக்குத்தி, நின்று நிதானமாகப் பேசுகிறவர். நான் காப்பியை நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கை நீட்டி வாங்காமல், "அப்படி வைங்க, ஆறட்டும்" என்றார். பிறகு மெதுவாக, "கையில என்னங்க, ஏதாச்சும் வைத்தியம் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"வைத்தியமெல்லாம் இல்லீங்க, முந்திரிக் கொட்டை. எங்க ஊருல பொம்பளைங்களுக்கு இதான் ரேகை" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், சம்பந்தி அம்மா சிரிக்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது, குடிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அது பரம்பரையா வர்ற தோல் வியாதியான்னு சந்தேகப்படுறாங்க. பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான், பொண்ணப் புடிச்சிருக்கு. அந்த அம்மாதான் யோசிக்குது. கொட்டைதான்னா, கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்ல? அத அவுங்க கண்ணால பாத்துட்டா தீந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் செல்வி முகத்தைப் பார்த்தேன். அவள் குமாரிடமிருந்து போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள், அந்தப் போன் வராத நாளில் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கொட்டை உடைப்பதை நிறுத்தினேன். சின்ன வயதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக் கையைச் சும்மா வைத்திருந்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பழைய தோல் செதில் செதிலாகக் கழன்று உள்ளேயிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கை வந்தது. யாருடைய கையோ என்னிடம் இருப்பதாகத் தோன்றியது.

தரகர் வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போய் அவர்களிடம் சொன்னார். கல்யாணத்தைத் திருவந்திபுரம் கோயிலில் வைப்பது என்றும், சாப்பாடு எங்கள் வீட்டில் என்றும் முடிவானது. மண்டபம் வேண்டாம் என்று செல்விதான் சொன்னாள். வீட்டுக்காரர் தென்னங்கீற்றை முடைந்து வாசலுக்குப் பந்தல் போட ஆரம்பித்தார். வாழை மரத்தோடு இரண்டு பக்கமும் காம்போடு முழுப் பலாப்பழம் தொங்கவிடப் போவதாகச் சொல்லி, தோட்டத்தில் எது பெரிசு என்று தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பூலப் பையைக் கடையில் வாங்காமல், மஞ்சள் துணி எடுத்து வந்து செல்வியே தைத்தாள். ஒவ்வொரு பையின் மூலையிலும் சின்னதாக ஒரு முந்திரிக் கொட்டை, பச்சை நூலில்.

அந்தப் பைகளைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தலை நிமிராமலே, "அம்மா, எனக்கும் அவருக்கும் பருப்பு மால போடலாமா? நீ போடாதத நான் போட்டுக்குறேனே" என்றாள்.

பருப்பைக் கடையில் வாங்கலாம்தான். பக்கத்துத் தெருவில் கொடுத்து உடைக்கச் சொல்லியிருக்கலாம்தான், கமலாவே கேட்டாள், "குடுடி, நான் ஒடச்சித் தரேன், ஒன் கை கெடாம இருக்கட்டும்" என்று. ஆனால் என் மகள் கழுத்தில் ஏறும் மாலைக்கு எங்கள் மரத்துக் கொட்டையை இன்னொருத்தி உடைப்பதா? எனக்கு அது ஒப்பவில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த கொட்டையை எடுத்து வறுத்தேன்.

செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து "கிளவுஸ்" கொண்டுவந்து கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து வீட்டுக்காரர், "டாக்டரம்மா, எனக்கு முட்டி வலிக்குது, அப்படியே அதையும் பாத்துடுங்க" என்றார். உறையோடு தட்டினால் எங்கே தட்டுகிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை. பருப்பெல்லாம் பாதி பாதியாக வந்தது. பாதிப் பருப்பை மாலையில் கோக்க முடியாது. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாம்பலை இழுத்து வைத்துக்கொண்டேன்.

பருப்பு முழுசு முழுசாக வந்தது. ஈரத் துணியில் பொதிந்து வைத்துப் பதமாக்கி, நடுவில் ஊசி விட்டு, இரண்டு பருப்புக்கு ஒரு துளசிக் கொத்து வைத்துக் கோத்தேன். அவசரமாகக் குத்தினால் பிளந்துகொள்ளும். இரண்டு மாலையும் முடிந்து கொடியில் தொங்கியபோது வீட்டில் எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள், தொட ஒருவருக்கும் மனது வரவில்லை.

கை மறுபடியும் கறுத்துவிட்டது. புதுத் தோல் என்பதால் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. அதை மறைக்கலாம் என்று கல்யாணத்துக்கு முதல் நாள் மருதாணி அரைத்து அப்பிக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. வெந்த தோலில் மருதாணி பட்டதும் எரிய ஆரம்பித்தது. கழுவிப் பார்த்தால் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் உரிந்த தோல். "சரி விடு, தூரத்துலேர்ந்து பாத்தா பெயிண்டருன்னு நெனச்சுப்பாங்க" என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். நான் முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டு வேனில் ஏறினேன்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைப் படி ஏறி மேலே போனால் நாலடிக்கு ஒரு கல்யாணம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஐயர், ஒரு ஹோமம், ஒரு மேளம்; எந்த மேளம் யாருக்கு என்று அடிக்கிறவருக்கே தெரியாது. அரக்குப் பட்டும் ரோஜா மாலையுமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே பெண்ணாகத் தெரிவார்கள்.

செல்வியையும் குமாரையும் உட்கார வைத்தாயிற்று. சம்பந்தி அம்மாவுக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, தூணோரமாக ஒதுங்கியிருந்தேன். ஐயர் தாலியைக் கேட்டார். குமார் சுற்றிலும் பார்த்தார். தாலி அவர் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது, அம்மாவைக் காணோம். படியில் செருப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றவர் கூட்டத்தில் எங்கேயோ போய்விட்டார். போன் அடித்துப் பார்த்தார்கள், அத்தனை மேளத்தில் அது யார் காதில் விழும்?

"நேரம் போவுதும்மா. முகூர்த்தம் முடியப் போவுது, அடுத்த பார்ட்டி வேற நிக்குது" என்றார் ஐயர். செல்வி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கு மனசு மாறிவிட்டதா? வேண்டுமென்றே வரவில்லையா? எனக்கும் அதே சந்தேகம்தான். காலையில் வேனிலிருந்து இறங்கும்போது என் கையைப் பார்த்திருப்பாரோ?

தூணின் கல் விளிம்பில் ஏறி நின்று, "சம்பந்தி, சம்பந்தி" என்று கத்தினேன். மலையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்; எல்லோரும் யாருக்கோ சம்பந்தி. சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. குரல் உதவாது என்று தெரிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். முந்தானை எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது.

நாலு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பை மேலே எழும்பியது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜனங்களை முட்டித் தள்ளிக்கொண்டு சம்பந்தி அம்மா வந்தார். மூச்சு வாங்கியது, தலைப்பூ ஒரு பக்கம் தொங்கியது. தாலியை எடுத்துத் தட்டில் வைத்தபிறகுதான் பேச்சே வந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க. ஒரு பையன் முதுகப் பாத்து நம்ம குமாருன்னே நின்னுட்டேன். அட்சத கூடப் போட்டுட்டேன், அப்பறம் திரும்புறான், வேற எவனோ. அழுகையே வந்துடுச்சு. அப்பதான் ஒங்க கையப் பாத்தேன். இந்த மலையில அந்தக் கை ஒருத்தருக்குத்தான இருக்கும்."

கெட்டிமேளம் கொட்டியது. பருப்பு மாலை மாற்றியபோது பக்கத்துக் கல்யாணத்துக்காரர்கள் எல்லாம் தங்கள் பெண்ணை விட்டுவிட்டு எங்கள் பெண்ணைப் பார்த்தார்கள். சம்பந்தி அம்மா மாலையின் ஒரு பருப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார், எதனால் மறுபடியும் கறுத்தது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறங்கும்போது படியில் நெரிசல். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. "வலிக்குதா சம்பந்தி?" என்றார். வலித்தது. "இல்லீங்க" என்றேன். "அப்ப வுட மாட்டேன், மறுபடி தொலஞ்சிட்டேன்னா சாப்பாடு போயிடும்" என்று கடைசிப் படிவரை பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் காப்பியைக் கேட்டு என் கையிலிருந்தே வாங்கிக் குடித்தார், சர்க்கரை ஜாஸ்தி என்று குறையும் சொன்னார்.

மாலைகளை மறுவீட்டன்று சிதம்பரத்தில் அவிழ்த்துப் பாயசத்தில் போட்டோம். வீட்டுக்காரரின் டம்ளரில் மட்டும் ஒரு நூல் வந்தது. "மாலை மரியாதை எனக்குத்தான்" என்றார்.

எங்கள் மரம் இப்போது இல்லை. அதற்குப் பிறகு வந்த பெரிய புயலில் எங்கள் பக்கத்துத் தோப்புகளோடு அதுவும் வேரோடு சாய்ந்தது. ஊரில் கொட்டை உடைக்க மெஷின் வந்துவிட்டது. வந்தது நல்லதுதான், இப்போதுள்ள பிள்ளைகளை எந்த வாத்தியாரும் கை கழுவ அனுப்புவதில்லை. என் கையும் வெளுத்துவிட்டது. வயசான சுருக்கம் இருக்கிறதே தவிர, பார்த்தால் எல்லார் கை மாதிரியும்தான் இருக்கிறது.

போன ஆனித் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழ வீதியில் தேர் திரும்புகிற இடத்தில் கூட்டம் அலைமோதியது. சம்பந்தி அம்மாவுக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கல். என் கையைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி வெளுத்துப் போனா இந்தக் கூட்டத்துல ஒங்கள நான் எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டார். கேட்டபடியே விரலோடு விரலைக் கோத்துக்கொண்டார். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் கையை விடவில்லை.