லாரி இல்லாமல் பன்னிரண்டு மைல் போன எக்ஸ்ரே கூண்டு

புதன்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குச் சேரப்பணஞ்சேரியில் எங்கள் லாரி பறிபோனது. திருட்டு இல்லை. எங்கள் அறக்கட்டளைச் செயலாளரே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போனார். திருடன் எடுத்திருந்தால் போலீசிலாவது சொல்லியிருக்கலாம்.

எங்களுடையது ஊர் ஊராகப் போய் மார்புப் படம் எடுக்கும் எக்ஸ்ரே கூண்டு. பன்னிரண்டு அடி நீளம், ஏழு அடி அகலம், மரச்சட்டத்தில் தகரம் அடித்த ஓர் அறை. லாரியின் முதுகில் உட்கார்ந்து பயணம் போகும். நான்கு மூலையிலும் இருக்கும் இரும்புக் கால்களை இறக்கி, ஜாக்கியைத் திருகி உயர்த்தினால், கூண்டு தானாக நிற்கும்; லாரியை அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இப்படி ஒரு வசதியைச் செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். பாவம், அவர் எங்கள் செயலாளரைப் பார்த்ததில்லை.

செயலாளர் அனுப்பிய டிரைவர் கொண்டுவந்த சீட்டில் மூன்று வரி இருந்தது. லாரி அவசர வேலைக்கு வேண்டும். கூண்டை இறக்கிவிட்டு உடனே அனுப்பவும். நாளைக் காலை பென்னலூர் முகாம் குறித்தபடி பத்து மணிக்கு நடக்கும். மூன்றாவது வரியை நான் இரண்டு தரம் படித்தேன். கூண்டு காலால் நடந்து வரும் என்று நினைத்தாரோ என்னவோ. என்ன அவசர வேலை என்று டிரைவரைக் கேட்டேன். தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார். கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பென்னலூரை நான் தள்ளிப்போட முடியாது. ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டாகிவிட்டது. முதல் தரம் ஜெனரேட்டர் கிளம்பவில்லை, இரண்டாம் தரம் லாரியின் அச்சு முறிந்தது. அந்த இரண்டாம் தரம் மன்னிப்புக் கேட்பதற்காக நான் மட்டும் பஸ்ஸில் போயிருந்தேன். அங்கே முனியம்மா என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், நான்கு மாதமாக இருமல். புடவைத் தலைப்பை விரித்துக் காட்டினாள், ரத்தக் கறை. படம் எடுக்காமல் மருந்து தொடங்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு தரமும் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறாள். "மூணாவது தபாவும் ஏமாந்தன்னா நான் வரமாட்டன் டாக்டரம்மா" என்றாள். நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவள் மட்டும்தான். ஆனாலும் வியாழக்கிழமை கட்டாயம் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மாலை முழுவதும் நானும் டார்க்ரூமில் பிலிம் கழுவும் தாமஸும் வண்டி தேடினோம். படப்பையில் ஒரு லாரிக்காரர் செங்கல் என்றால் ஏற்றுவேன், கண்ணாடி என்றால் மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கூண்டுக்குள் இருக்கும் எக்ஸ்ரே குழாய் கண்ணாடிதான். அது விரிசல் விட்டால் மாற்றுக் குழாய் கப்பலில் வர வேண்டும், எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் ஊருக்குள்ளேயே கண்ணப்பன் என்பவர் தன் டிராக்டரையும் டிரெய்லரையும் தருவதாக ஒப்புக்கொண்டார். வாடகை நாற்பது ரூபாய், டீசல் அவருடையது. டிராக்டர் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷம் மாட்டு வண்டி ஓட்டியவர்.

வியாழன், காலை ஐந்தரை. குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி, இரண்டு மெத்தைக்கு நடுவில் சுற்றி, கூண்டின் உள்கூரையிலிருந்து தூளி மாதிரி தொங்கவிட்டோம். குலுங்கினால் ஆடட்டும், மோதக் கூடாது. டிரெய்லரின் பக்கப் பலகைகளைக் கழற்றி முன்னோரம் போட்டுவிட்டு, வைக்கோல் பரப்பி, பின்னோக்கி ஓட்டிக் கூண்டின் அடியில் நுழைத்தார் கண்ணப்பன். இரும்புக் கால்களை மடக்கிக் கூண்டை இறக்கினோம். கயிற்றைக் கூரை மேல் போட்டு வைக்கோல் பாரம் மாதிரி கம்பு வைத்து முறுக்கப் போனார்கள். கூரை நொறுங்கிவிடும் என்று கத்தி நிறுத்தினேன். அடிச்சட்டத்தின் வளையங்களில் குறுக்குக் கட்டாகக் கட்ட வைத்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். கூண்டு டிரெய்லரில் இரண்டடி பின்தள்ளி உட்கார்ந்திருந்தது. கேட்டதற்குக் கண்ணப்பன், "முன்பாரம் ஆவாதும்மா, கழுத்துல உக்காந்துக்கும்" என்றார். இருபது வருஷ அனுபவம் பேசுகிறது என்று நானும் தலையாட்டினேன்.

ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினோம். பென்னலூர் அங்கிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு மைல். நான் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்தேன், தாமஸ் சைக்கிளில் பின்னால் வந்தார். புரட்டாசி மழையில் ரோடு அங்கங்கே கரைந்திருந்தது. இரண்டு பக்கமும் நாற்றங்கால். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே கூடியவர்களில் பாதிப்பேர் உள்ளே கரடி இருக்கிறதா என்று கேட்டார்கள். மீதிப்பேர் கயிறு சரியில்லை என்றார்கள். வேலை செய்ய ஒரு கை வராது, யோசனை சொல்லப் பத்து வாய் வரும்.

ஒரகடம் தாண்டியதிலிருந்தே டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. ரோடு மோசம் என்று சொல்லிக்கொண்டோம். எட்டேகாலுக்கு வல்லம் வடகால் அருகே ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது டிராக்டரின் பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றின. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் இணைப்பைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கொக்கி விட்டிருந்தால் கூண்டு ஏரியில் கவிழ்ந்திருக்கும். நிறுத்துங்கள் என்று கண்ணப்பனின் தோளைத் தட்டினேன்.

கண்ணப்பன் அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கிச் சமதரையில் நிறுத்தினார். இறங்கி டிரெய்லரைச் சுற்றி வந்தார். கூண்டுக்குள் பின்கதவோரம் ஜெனரேட்டர் இருப்பதைத் தாமஸ் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பாரம் முன்னால் சாய்ந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும் என்று எப்போதும் கொஞ்சம் பின்தள்ளி ஏற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். டிராக்டருக்கோ பாரம் கொஞ்சம் முன்னால் அழுத்தினால்தான் சக்கரம் தரையைக் கவ்வும்.

"மாட்ட நெனச்சிக்கினே ஏத்திட்டன்" என்றார். "இது கழுத்து வலிக்குதுன்னா சொல்லப்போவுது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இல்லாத மாட்டுக்காக இரக்கப்பட்டு ஒருவர் தப்புச் செய்தார். இருக்கிற மனிதர்களைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் சீட்டு எழுதியவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

நடு ரோட்டிலேயே இரும்புக் கால்களை இறக்கினோம். மண் இளகியிருந்ததால் டிரெய்லரில் கிடந்த பக்கப் பலகைகளைக் காலுக்கு அடியில் கொடுத்தோம். கயிற்றை அவிழ்த்து, நான்கு ஜாக்கியையும் ஒரே கணக்கில் திருகிக் கூண்டை ஒரு சாண் உயர்த்தி, டிரெய்லரை இரண்டரை அடி பின்னால் தள்ளி, மறுபடி இறக்கிக் கட்டினோம். அந்த வழியாக ஏர் ஓட்டப் போன மூன்று பேர் கலப்பையை வைத்துவிட்டு, கேட்காமலே தோள் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். தூளிக்குள் குழாய் முழுசாக இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. அதன்பிறகு மேடு ஏறியதும், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனதும், பெங்களூர் ரோட்டில் திரும்பியதும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் நடந்தன.

பதினொன்றே காலுக்குப் பென்னலூர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நுழைந்தோம். முதலில் கண்ணில் பட்டது எங்கள் லாரி. புளிய மரத்து நிழலில் கழுவித் துடைத்து நின்றுகொண்டிருந்தது. அவசர வேலை என்னவென்று அப்போதுதான் விளங்கியது. முகாமின் தொடக்க விழாவுக்குப் பந்தல் துணியும் மைக் செட்டும் அறுபது மடக்கு நாற்காலியும் ஏற்றி வந்திருக்கிறது. எக்ஸ்ரேயை வரவேற்க எக்ஸ்ரேயின் லாரியில் நாற்காலி! மாப்பிள்ளையை நடு வழியில் இறக்கிவிட்டுப் பந்தியைக் கொண்டுவந்து சேர்த்த கதைதான்.

செயலாளர் மாலையும் கையுமாக வந்தார். கூண்டை லாரிக்கு மாற்றிவிடலாமே, லாரிக் கதவில்தான் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார்.

"இன்னொரு தரம் இதைத் தூக்க மாட்டேன். படம் டிரெய்லர் மேலேயேதான் எடுப்பேன். நீங்க வேணும்னா டிராக்டர்ல பேரை எழுதிக்கோங்க" என்றேன். கண்ணப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாற்காலிகளில் பிரமுகர்கள் இருந்தார்கள். வெயிலில் இருபது பேர் நின்றார்கள். சென்ற தரம் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அந்த இருபதில் முனியம்மா இல்லை. தாமஸிடம் குழாயை மாட்டச் சொல்லிவிட்டு, வழி கேட்டு வரப்பில் நடந்தேன். கால் மணி நேர நடை. முழங்கால் சேற்றில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்களில் அவளை இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வந்துவிட்டோம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"காலீல லாரி வந்துச்சே, நானே பாத்தனே. மேல கூண்டு இல்ல. இன்னிக்கும் இல்லன்னு எல்லாரும் போய்ட்டோம்" என்றாள்.

டிராக்டரில் கொண்டுவந்தோம் என்றேன். அவள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"கூண்ட வுட்டுட்டு அந்த லாரி எதுக்கு வந்துச்சு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நாற்காலி ஏத்திக்கிட்டு வந்துது" என்றேன்.

அவள் தலைப்பில் வாயைப் பொத்தி இருமி முடித்தாள். பிறகு அமைதியாகவே கேட்டாள்: "நாக்காலிக்கு இன்னா நோவு?"

வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு என் முன்னால் நடந்தாள். வழியில் இன்னும் ஒன்பது பேரைக் கூப்பிட்டுக்கொண்டாள். விழாப் பேச்சு மைக்கில் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் படத்தை எடுத்தேன். தாமஸ் ஈரம் சொட்டச் சொட்டப் பிலிமைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக இருக்க வேண்டிய வலது நுரையீரலின் மேல் பாதி முழுவதும் வெளுத்துக் கிடந்தது. முதல் தரமே எடுத்திருந்தால் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். குறைவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அவளைத் தாம்பரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. லாரியைக் கேட்டேன். நாற்காலிகள் வாடகைக்கு எடுத்தவை, இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், முன்னால் தானும் இரண்டு பிரமுகர்களும் வருகிறோம், இடமில்லை என்றார் செயலாளர். நான்கே காலுக்குப் பூந்தமல்லி பஸ் வந்தது; தாம்பரத்துக்கு அங்கே மாற வேண்டும். கால் வைக்க இடமில்லாத கூட்டம். பிலிம் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, முனியம்மா பூந்தமல்லி வரை நின்றுகொண்டே வந்தாள்.