அக்கா எழுதிய பாடமும் நான் எழுதிய கடிதமும்

அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் ஒரு செய்தியை அறிய வேண்டும் என்பதால் தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா செட்டியார்பட்டியில் பிறந்தவர். அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. அவர் இறந்தபின் அக்கா படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாதத்தில் படுத்த அம்மாவைப் பதினோரு ஆண்டுகள் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

எண்பதுகளின் இறுதியில் புவியியல் பாடத்தைத் திருத்தும் குழுவுக்கு அக்காவைச் சென்னைக்கு அழைத்தார்கள். தலைநகரங்களை மனப்பாடம் செய்வதை விட்டு, சொந்த ஊர் மழையிலும் மண்ணிலும் தொடங்கும் பாடங்களை எழுதினார். கூடவே, ‘எதை எப்போது, எப்படி நடத்துவது என்பதை ஆசிரியரே முடிவுசெய்யலாம்’ என்றும் எழுதினார். புத்தகம் வந்தது. பாடங்கள் இருந்தன, அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக, எந்த வாரம் எந்தப் பக்கம் என்று ஓர் அட்டவணை வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், அக்கா மாணவிகளை டவுன் பஸ்ஸில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப்போனார். தலைமையாசிரியை வாய்மொழியாக அனுமதித்திருந்தார். அன்றுதான் ஆய்வு அதிகாரி வந்தார். திரும்பிவந்த அக்காவிடம், “இந்த வாரம் கடற்கரைப் பாடம்தானே?” என்றார்.

“ஓடையில தண்ணி ஓடுறப்பதான் சார் மண் அரிக்கிறதக் காட்ட முடியும். அந்தப் பாடத்த எழுதினதே நான்தான்.”

“எழுதினதோட உங்க வேல முடிஞ்சுபோச்சும்மா.”

தலைமையாசிரியை அருகில் நின்றார்; அனுமதி தந்ததைச் சொல்லவில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வெளிமாவட்டத்துக்கு மாற்றம் என்றார்கள்.

“செய்யாத தப்புக்கு எப்படில மன்னிப்புக் கேக்க?” என்றார் அக்கா.

“நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பா? எனக்கு மில்லுல ஷிப்டு. ஒரு தாளுதானக்கா, குடுத்துரு.”

கடிதத்தை நானே எழுதினேன். அக்கா அதைப் படிக்காமலே கையெழுத்திட்டார். அதை மாவட்ட ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார்கள். அவரைப்போல நடத்தத் தொடங்கியிருந்த மற்றவர்களும் அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மறு ஆண்டே அம்மா இறந்துவிட்டார். அக்கா அட்டவணைப்படியே நடத்தினார். வகுப்பைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை. வயிற்றுவலியையும் சொல்லவில்லை, தெரிந்தபோது புற்று முற்றியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சக ஆசிரியை ஒருவர், “பருவமழைப் பாடத்த எப்படித் தொடங்கட்டும் டீச்சர்?” என்று கேட்டார்.

“மூணாவது வாரம், செவ்வாக்கிழம, நாப்பதாம் பக்கம்,” என்ற அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு எட்டாம் நாள் காலமானார்.

இரத்தம் தந்த மில் நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், தேவதானத்திலிருந்து வந்து தங்கிச் சமைத்துப்போட்ட சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த டீச்சரே தன் தவற்றை ஒப்புக்கொண்டார் என்று பள்ளிகளில் இன்றும் சொல்கிறார்களாம். அக்கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. அக்கா தவறாக எதையும் நடத்தவில்லை.