வாராக என்றால் எத்தனை பேர்

கூடலூர் வக்கீல் பாண்டீஸ்வரன் தன் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே, "நான்தான், பாண்டீஸ்வரன் வாரேன்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார். சொந்த வீட்டுக்குள் நுழைவதற்கு எவனாவது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவானா? தெருவில் சிரிக்கிறார்கள். புதுச் சட்டத்தை மனப்பாடம் பண்ணிப் பண்ணி வக்கீலுக்கு மரை கழன்றுவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. அவர் மனைவி சுருளியம்மாளும் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

புதுச் சட்டத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். சட்டம் மாறிய அந்த ஜூலை மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த வக்கீல்கள் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது உண்மைதான். காலமெல்லாம் முந்நூற்றிரண்டு என்றால் கொலை. இப்போது கொலைக்குப் போய் நூற்றுமூன்றைத் தேட வேண்டும். புதுப் புத்தகத்தில் முந்நூற்றிரண்டைத் திறந்தால், மத உணர்வைப் புண்படுத்திப் பேசினால் என்ன தண்டனை என்று இருக்கிறது. வழக்கையே ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டுக்கு ஓடும்போது எழுதிய நானூற்று எண்பத்திரண்டு, இப்போது முன்ஜாமீன் நம்பராகிவிட்டது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் மனுவில் பழைய நம்பரைப் போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டு, கழுத்துப் பட்டையைத் தளர்த்தியபடி வெளியே வந்தார்கள். பாண்டீஸ்வரனுக்கு மட்டும் அது நடக்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தார். வக்கீல் சங்கத்தில் மைக்கைப் பிடித்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"கட்சிக்காரன் வந்தா மொதல்ல என்ன கேக்கணும்? என்ன நடந்துச்சுன்னு கேக்கக் கூடாது. எப்ப நடந்துச்சுன்னு கேளுங்க. ஜூலை ஒண்ணுக்கு முந்தினா பழைய தண்டனைச் சட்டம், பிந்தினா புதுசு. அதத் தெரிஞ்சுக்கிட்டு அப்பறமா நாற்காலியப் போடுங்க" என்பார். கூட்டம் சிரிக்கும்.

அங்கே அவர் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு வித்தைக்கும் சட்டப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. சாட்சியை நம் ஊர்ப் பேச்சில் கேட்டால் ஊர்ப் பேச்சில் பதில் வரும், புத்தகத் தமிழில் கேட்டால் புத்தகத் தமிழில் வரும் என்பார். கூண்டில் ஏறிய எந்த ஆளும் தன்னைப் பட்டிக்காடு என்று காட்டிக்கொள்ள விரும்ப மாட்டான், வக்கீல் 'எங்கு சென்றீர்கள்' என்றால் அவனும் 'கம்பத்துக்குச் சென்றேன்' என்றுதான் சொல்வான். இதற்கும் கூட்டம் சிரிக்கும். அந்த வித்தைதான் பிற்பாடு அவரைப் பிடித்துக்கொண்டது.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரன் தங்கபாண்டியின் மனைவி ஜோதிகா, தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். சம்பவம் ஜூலை ஒன்றுக்குப் பிந்தி. தங்கபாண்டி மேல் கொலை வழக்கு. நேரில் பார்த்த ஆள் கிடையாது. அவன் கம்பத்தில் உரக்கடைக்குப் போயிருந்ததாகச் சொன்னான். அவனைப் பார்த்ததாகக் கடைக்காரனும் உறுதியாகச் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பிகளோடு தண்ணீர்த் தகராறு வேறு ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் கையில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான். ஜோதிகா சாவதற்குக் கொஞ்சம் முன்னால் தேவாரத்தில் இருந்த தங்கை திரிஷாவுக்குப் போனில் பேசி அனுப்பிய குரல் பதிவு.

"ஏ திரிஷா, வாராக. ரொம்பக் கோவமா வாராக. கதவப் பூட்டியிருக்கேன். பெறகு பேசுறேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வளையல் சத்தம். அப்புறம் கதவு தட்டும் சத்தம். பதிவு முடிந்துவிடும்.

பாண்டீஸ்வரன் முதலில் அந்தப் பதிவையே உடைக்கப் பார்த்தார். புதுச் சாட்சியச் சட்டத்தில் அதற்கு வாசல் உண்டு. பதிவோடு இரண்டு பகுதியாகச் சான்றிதழ் வேண்டும், ஒன்று போனை வைத்திருந்தவர் கொடுப்பது, மற்றது நிபுணர் கொடுப்பது. பதிவின் கைரேகை போல ஒரு நீளமான எண் அதில் இருக்க வேண்டும். பதிவில் ஒரு மூச்சுச் சத்தம் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இதைப் பல இடங்களில் போலீஸ்காரர்கள் கோட்டை விடுவார்கள். இங்கே விடவில்லை. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஜோதிகா சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாரும் தொடவில்லை என்று அரசாங்கமே முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டது.

அந்தப் பதிவைத் தங்கபாண்டிக்கும் தன் ஆபீசில் போட்டுக் காட்டினார். அவன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். 'வாராக' என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தான். யாரோ வாசலில் தன்னைக் கூப்பிட்டது போல வேட்டியைச் சரி செய்தான். அவ்வளவுதான் செய்தான். பாண்டீஸ்வரன் அதைப் பார்த்துவிட்டார்.

நீதானா என்று அவர் கேட்கவில்லை. குற்றவியல் வக்கீல் அதைக் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அதைச் சுமக்க வேண்டும். கேட்காமல் தெரிந்துகொண்டாலும் சுமக்கத்தான் வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். 'அவுக' என்பார்கள். வந்தாக, சாப்பிட்டாக, அடிச்சாக. அடிக்கிறவனுக்கும் அந்த மரியாதையை எடுத்துவிடுவதில்லை. ஆனால் ஒரு ஆளுக்கு மரியாதையாகச் சொன்னாலும் வாராகதான், நாலு பேர் சேர்ந்து வந்தாலும் வாராகதான். போலீஸ்காரர்கள் அதைப் புத்தகத் தமிழில் 'வருகிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஜோதிகாவின் கடைசி வார்த்தை ஒரு ஆளைச் சொன்னதா, பல பேரைச் சொன்னதா? ஒரு ஆள் என்றால் தங்கபாண்டிக்கு ஆயுள். பல பேர் என்றால் அவனுக்கு விடுதலை. மொத்த வழக்கும் அந்தச் சொல்லில் தொங்கியது.

திரிஷா காலேஜில் படிக்கிற பெண். அக்காவுக்காகச் சாட்சி சொல்ல நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். துப்பட்டாவில் ஊக்குக் குத்தி, முதுகை நேராக வைத்து நின்றாள். பாண்டீஸ்வரன் எழுந்தார். குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டார்.

"தங்கள் சகோதரி கணவரிடம் மரியாதையாக நடந்துகொள்வாரா?"

"ஆம், மிகவும் மரியாதையாக நடந்துகொள்வார்."

"கணவரை அவன், இவன் என்று பேசுவாரா?"

"இல்லை. அவர் என்றுதான் சொல்வார்."

"அப்படியானால், கணவர் வீட்டுக்கு வந்தால் 'அவர் வந்தார்' என்று கூறுவார். சரியா?"

"சரி. அவர் வந்தார் என்று கூறுவார்."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

அரசு வக்கீலம்மா கொங்குப் பக்கத்துக்காரர், அங்கே 'வாராக' என்ற பேச்சு கிடையாது. கையில் அடுத்த கேஸ் கட்டு. அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் படவில்லை. மறு விசாரணை இல்லை என்றார். திரிஷா கூண்டிலிருந்து இறங்கினாள். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

வராந்தாவில் தண்ணீர் குடிக்கப் போன பாண்டீஸ்வரன் அவள் போனில் பேசுவதைக் கேட்டார். தேவாரத்தில் இருந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சதும்மா. நல்லாத்தான் சொன்னேன். மாமாவோட வக்கீலு கேட்டாக, அக்கா மரியாதையாப் பேசுமான்னு. ஆமான்னுட்டேன். நல்லவுகளாத்தான் தெரியுறாக. அதட்டலெல்லாம் இல்ல. இந்தா, இங்கனதான் நிக்கிறாக."

கேட்டாக, தெரியுறாக, நிக்கிறாக. அங்கே நின்றது ஒரே ஒரு ஆள்.

டம்ளர் கையிலேயே இருந்தது. முந்நூற்று நாற்பத்தெட்டு என்று மனதுக்குள் ஓடியது. பழைய முந்நூற்றுப் பதினொன்று. ஒரு சாட்சியைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கும் பிரிவு. அரசு வக்கீலம்மா இந்த வராந்தாவுக்கு ஒரு நடை வந்திருந்தால் போதும், மனுப் போட்டிருப்பார். அவர் வரவில்லை. பாண்டீஸ்வரன் போய்ச் சொல்ல முடியாது. கட்சிக்காரனுக்கு எதிராக வாயைத் திறக்கக் கூடாது என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதுச் சட்டத்திலும் உண்டு. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

கடைசி வாதத்தன்று நீதிபதி சரியாகவே கேட்டார். "கணவரை மரியாதைக்காக 'வாராக' என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா?"

"இருக்கலாம், ஐயா. ஆனால் இறந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்று அவருடைய தங்கையே சாட்சி சொல்லியிருக்கிறார். கணவர் என்றால் 'வந்தார்' என்பார். பதிவில் இருப்பது பன்மை. வந்தவர்கள் பல பேர்."

சந்தேகத்தின் பலன் தங்கபாண்டிக்குக் கிடைத்தது. தீர்ப்பு வாசித்தபோது திரிஷா ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. "அப்படிச் சொல்லலையே, நான் அப்படிச் சொல்லலையே" என்று அவள் அழுதது வாசல் வரைக்கும் கேட்டது. அப்பீல் வரும் என்று பாண்டீஸ்வரன் காத்திருந்தார். வந்து தொலைக்கட்டும் என்று கூட நினைத்தார். திரிஷா வீட்டில் தெம்பு போய்விட்டது, அப்பீல் வரவில்லை.

அதற்கப்புறம் ஜோதிகாவின் குரல் அவரை விடவில்லை. போனிலிருந்து பதிவை அழித்துவிட்டார். அழித்து என்ன செய்ய? குமுளி ஜீப்பில் ஒரு பொம்பளை, "வாராக, நகந்து உக்காருடி" என்றால் யார் வருகிறது என்று எட்டிப் பார்ப்பார். பட்டப்பகலில், கட்சிக்காரர்கள் எதிரே இருக்கும்போதே, வளையல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். உள்ளே சுருளியம்மாள் யாரிடமோ போனில், "வந்துட்டாக, பெறகு பேசுறேன்" என்றாள். அவர் தட்டிய கையை எடுத்துப் பார்த்தார். அவள் கதவைத் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்துதான் பேர் சொல்லிக்கொண்டு வருகிறார். வக்கீல் சங்கத்தில் புது நம்பர்களை இப்போதும் சொல்லிக்கொடுக்கிறார். புத்தகத் தமிழ் வித்தையை மட்டும் சொல்வதில்லை.

போன மாதம் தங்கபாண்டி புதுக் காரில் வந்து இறங்கினான். கூடவே ஒரு சின்னப் பெண். கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத தாலி.

"அபிதா, வக்கீலய்யா கால்ல விழு. இவரு இல்லன்னா நான் இல்ல" என்றான்.

அவள் விழுந்தாள். பாண்டீஸ்வரனுக்கு ஆசீர்வாதம் பண்ண வாய் வரவில்லை. சுருளியம்மாள்தான் குங்குமம் எடுத்துக் கொடுத்து ஒப்பேற்றினாள். காபி குடித்து முடித்ததும் தங்கபாண்டி காரைத் திருப்பி வைக்கத் தெருமுனைக்குப் போனான். அவன் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாண்டீஸ்வரன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, ஒண்ணு சொன்னாக் கேப்பியா?"

"சொல்லுங்கய்யா."

"போன்ல யார்கிட்டப் பேசுனாலும் சரி, உம் புருசனப் பத்திச் சொல்றப்ப பேரச் சொல்லிச் சொல்லு. தங்கபாண்டி வாராருன்னு சொல்லு. பழகிக்க."

"பேரையா? ஆத்தாடி!" அவள் சுருளியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவுக இப்ப அப்படித்தான் ஆத்தா, எல்லாத்துக்கும் பேரச் சொல்லணும். நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றாள் சுருளியம்மாள்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. பேரச் சொல்லணும். கேக்கிறவுகளுக்கு யாருன்னு தெரியணும்."

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவள் கையில் இருந்த போன் அடித்தது. தெருவில் கார் ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. அவள் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டே போனில் பேசினாள்.

"ஆமாம்மா, வக்கீலய்யா வீட்லதான். இந்தா, கூப்புடுறாக. பெறகு பேசுறேன்."

பாண்டீஸ்வரன் வாசலுக்கு ஓடினார். வேட்டி தடுக்கியது.

"யாரு? யாரு கூப்புடுறாகன்னு சொல்லு ஆத்தா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அபிதா பாதி வழியில் நின்றாள். வெட்கமும் குழப்பமுமாக வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. கண்ணால் காரைக் காட்டிவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். பேரை மட்டும் சொல்லவில்லை.